கேரி தீவில் மாடு மேய்த்த நாய் எது?

மலேசியத் தோட்டத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள். நாயும் வளர்த்தார்கள். காலையில் மாடு வெளிக்காட்டுக்குப் போனால் நாயும் கூடவே போயிற்று. சாயங்காலம் இரண்டும் ஒன்றாகத் திரும்பின. அப்படியிருந்தும் மந்தையை வளைத்து ஓட்டும் மேய்ப்பு நாய் என்று ஓர் இனம் அங்கே உருவாகவில்லை. ஐரோப்பியக் குடும்பப் பண்ணைகளில் அப்படிப்பட்ட இனங்கள் டஜன் கணக்கில் உருவாயின. இதற்குக் காரணம் நாயிடம் இருக்கிறதா, மாட்டிடம் இருக்கிறதா, நிலத்திடம் இருக்கிறதா, மனிதர்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கேரி தீவு தோதான இடம்.

லங்காட் ஆறும் மலாக்கா நீரிணையும் சூழ்ந்த தீவு இது. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் போட்ட ஆங்கிலேயத் தோட்டக்காரர் எட்வர்ட் வாலண்டைன் கேரியின் பெயர்தான் இன்றுவரை தீவின் பெயர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கோல்டன் ஹோப் நிறுவனத்தின் கையில் இருந்த தோட்டங்கள் 2007 இணைப்புக்குப் பின் சைம் டார்பிக்கு வந்தன. அந்த நிறுவனம் 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தீவில் பழங்குடியினரான மா மெரி மக்களின் கிராமங்கள் உண்டு. மற்றபடி எங்கு திரும்பினாலும் செம்பனைதான். நடுவே வாய்க்கால், கரை, கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் மதகு. வாய்க்கால்களை வாசகர் மறந்துவிட வேண்டாம், பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

முதலில் ‘எல்லா வேலைக்குமான பண்ணை நாய்’ என்று உலகம் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். வட பிரிட்டனிலிருந்து குடியேறிகளோடு அமெரிக்கா போன கோலி வகை நாய்களின் வழியில் வந்தது இங்கிலிஷ் ஷெப்பர்ட். யுனைடெட் கென்னல் கிளப் 1927இல் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தது. பால் கறக்கும் நேரத்துக்கு மாடுகளைக் கொண்டுவந்து சேர்க்கும். தோட்டத்தில் புகுந்த பன்றியையும் கோழியையும் விரட்டும். களஞ்சியத்து எலியைப் பிடிக்கும். அயலான் வந்தால் குரைக்கும். குழந்தைகளைச் சுற்றியே கிடக்கும். பத்து மாடு, நாலு பன்றி, கொஞ்சம் ஆடு, கோழி, சோளக்கொல்லை என்று கலப்பாக இருந்த பண்ணைக்கு ஏற்ற நாய். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பண்ணைகள் ஒற்றைத் தொழிலாக மாறின, இயந்திரமும் வந்தது. இந்த நாயின் எண்ணிக்கையும் சரிந்தது.

அதற்கு நேர் எதிரான ஒற்றை வேலைக்காரன் பார்டர் கோலி. 1873 அக்டோபரில் வேல்ஸின் பாலா என்ற ஊரில் பிரிட்டனின் முதல் ஆட்டு நாய்ப் போட்டி நடந்தது. 1893இல் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற ஒரே ஓர் ஆண் நாயின் வாரிசுகளாகவே இன்றைய பார்டர் கோலிகள் பெரும்பாலும் கருதப்படுகின்றன. குனிந்து, பதுங்கி, கண்ணால் ஆட்டை நிறுத்துவது அதன் பாணி.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது? ஓநாயின் வேட்டையில் ஒரு வரிசை உண்டு: இரையைக் கவனிப்பது, வெறித்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது. மேய்ப்பு நாய் என்பது இந்த வரிசையின் முன்பாதியைக் கூர்மையாக்கிப் பின்பாதியை மழுங்கடித்த நாய். மாட்டு நாய்களில் கடி கொஞ்சம் மீந்திருக்கும். ஆஸ்திரேலிய மாட்டு நாய் குதிகாலுக்கு மேலே, அதுவும் உடல் பாரம் ஊன்றியிருக்கும் காலில்தான் கவ்வும்; கவ்விய மறுநொடி தரையோடு படுத்துக்கொள்ளும். மாடு கால் மாற்றி உதைக்கும்போது உதை அதன் தலைக்கு மேலே காற்றில் போய்விடும். இது மனிதன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததல்ல. பிசகிய நாய் பல்லை இழந்தது, பிசகாத நாய் குட்டி போட்டது.

இன்னொரு பிரிவு காவல் நாய். அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து செய்த ஆய்வு இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக்காட்டியது. காவல் நாய் ஆட்டை வெறித்துப் பார்க்கக் கூடாது, துரத்தவும் கூடாது. ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்க வேண்டும். அதற்குக் குட்டி நான்கு வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரையிலான வயதை ஆட்டோடு கழித்திருக்க வேண்டும். மேய்ப்பு நாயின் திறமை இரத்தத்தில் பாதி, பயிற்சியில் பாதி. காவல் நாயின் திறமையில் பெரும்பங்கு வளர்ப்பு.

இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு தமிழ் மண்ணைப் பார்த்தால் விடையின் முதல் பகுதி கிடைத்துவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்துபட்டதை அது சொல்கிறது. கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அது காவல் நின்ற கதையும் அதே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. மன்னர்களின் பட்டத்து யானைகளுக்கே பெயர் தப்பாத ஊரில், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய எருமைக்காரன் வீட்டு நாய்க்குப் பெயர் தப்பியிருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கல் எந்த வேலையைப் பாராட்டுகிறது என்பது. எருமையை ஓட்டியதற்காக அல்ல, எருமையை ஓட்டிப்போக வந்தவனைக் கடித்ததற்காகவே கோவிவனுக்குக் கல்லில் இடம் கிடைத்தது.

இன்றைய தமிழ்நாட்டிலும் இதே கதைதான். இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் ஊர் ஊராக நடக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்கள். மந்தையை நகர்த்துவது முன்னால் நடக்கும் ஆளின் குரலும், கையில் இருக்கும் தொரட்டியும், பழகிய கிடாவும்தான். நாய்க்கு வேலை இருட்டிய பிறகு. நரி வந்தால், திருடன் வந்தால், கிடையைச் சுற்றி அது குரைக்க வேண்டும். தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைச் சுமக்கும் நாயும் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர்போனது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தும் வேட்டை நாய்கள். இராஜபாளையம் வீட்டுக்கும் வயலுக்கும் காவல். மந்தை ஓட்டுவது இவற்றில் எதற்கும் முதல் வேலை அல்ல.

ஏன்? முன்னால் நின்று கூப்பிட்டால் பின்னால் வரும் மந்தைக்குப் பின்னால் நின்று துரத்தும் நாய் தேவையில்லை. ஸ்காட்லாந்து மலையில் ஆடுகள் வாரக்கணக்கில் ஆள் முகம் பார்க்காமல் மேயும். அவற்றைத் திரட்ட ஒருவர் மலை முழுக்க ஓட முடியாது, நாய் ஓடும். இங்கே மாடும் ஆடும் தினமும் மனிதக் கையில் இருந்தன. காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தவர் கை, சாயங்காலம் மடி கழுவிய கை. கூலி மலிவு, வீட்டில் பிள்ளைகள் அதிகம். மாடு மேய்க்கப் போன பையன்தான் நம்முடைய பார்டர் கோலி என்று சொன்னால் கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அவன் அங்கே நின்றதால்தான் நாயை அந்த வேலைக்குப் பழக்கும் அவசியம் யாருக்கும் எழவில்லை.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி வழியாக மலாயா வந்த குடும்பங்கள் இந்தப் பழக்கத்தையே கொண்டுவந்தன. கப்பல் ஏறியவர்களில் சொந்த நிலம் இல்லாதவர்களே அதிகம். ஊரில் மற்றவர் மாட்டை மேய்த்தவர்களுக்குத் தோட்டத்தில்தான் சொந்த மாடு வாய்த்தது. இதைச் சட்டமும் கொஞ்சம் ஆதரித்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்டம் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. ஒரு பசுவுக்கு அது ஒரு வாரத் தீனிக்குக்கூடக் காணாது. ஆகவே மாடு கம்பெனி நிலத்தில்தான் மேய்ந்தது. தோட்ட நிர்வாகியான துரை கண்டும் காணாமல் இருந்தார். ரப்பர் மரத்தடிப் புல்லை மாடு தின்றால் அவருக்குக் களையெடுக்கும் செலவு மிச்சம்.

இப்படி வளர்ந்த மாடுகளுக்குக் கால்நடைத் துறை வைத்த பெயர் ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’. சிந்தி, சாஹிவால், ஓங்கோல் முதலிய பல இந்திய இரத்தங்கள் தோட்டங்களில் கலந்து உருவானது. பின்னாளில் அரசாங்கம் ஃபிரீசியனையும் சாஹிவாலையும் சேர்த்து ‘மஃப்ரிவால்’ என்ற கலப்பினத்தைக் கொண்டுவந்தது. கவனியுங்கள்: தோட்டத் தமிழனின் மாட்டுக்கு அரசாங்க ஏட்டில் ஓர் இனப்பெயர் கிடைத்தது. அந்த மாட்டோடு நடந்த நாய் அந்த ஏட்டில் ஏறவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதைக் கறுப்பன் என்றார்கள், மணி என்றார்கள், டைகர் என்றார்கள்.

அந்த நாய் உண்மையில் என்ன செய்தது? கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாடு வைத்திருந்த வீடுகளின் சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். மாடுகள் செம்பனை நிரைகளுக்கு நடுவே வரிசையாக வரும். முன்னால் ஒரு மூத்த பசு. வாய்க்கால் பலகையில் எந்த இடத்தில் குளம்பு வைப்பது என்று அதற்குத் தெரியும், மற்றவை அதன் வாலைப் பார்த்து நடக்கும். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆள், ஹேண்டில்பாரில் ஒரு கட்டுப் புல். நாய் இரண்டுக்கும் நடுவே ஓரமாக, மூக்கைத் தரையில் வைத்தபடி. மாட்டை அது ஏறெடுத்தும் பார்க்காது. மட்டைக் குவியலில் சலசலப்புக் கேட்டால் நிற்கும், காதை விறைக்கும், பாம்போ உடும்போ என்று ஆளுக்குக் காட்டிக்கொடுக்கும். கன்று ஈன்ற பசு புதரில் ஒதுங்கிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க ஆளைவிட நாய் உதவும். வீடு சேர்ந்த பிறகு கொட்டகை வாசலில் படுக்கும். எலி, பெருச்சாளி, இரவில் மரவள்ளிக் கிழங்கைக் கிண்ட வரும் காட்டுப்பன்றி, மாட்டுத் திருடன், சாராயம் குடித்துவிட்டு வீடு மாறி வருகிறவர், எல்லோருக்கும் ஒரே குரைப்பு. இங்கிலிஷ் ஷெப்பர்டின் வேலைப் பட்டியலில் மாடு ஓட்டுவதை மட்டும் அடித்துவிட்டால் மீதி ஏறக்குறைய இதுவேதான்.

அந்த ஒரு வேலை அடிபட்டதற்கு நிலமும் காரணம். வளைத்து ஓட்டும் நாய்க்குப் பார்வைத் தூரம் வேண்டும். நாய், மந்தை, மனிதன் மூவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால்தான் விசிலுக்குப் பயன் உண்டு. செம்பனைக் காட்டுக்குள் சில நிரைகளுக்கு அப்பால் மட்டையும் நிழலும்தான். கேரி தீவில் இதோடு வாய்க்கால்களும் சேர்ந்துகொள்கின்றன. தாழ்ந்த கடலோரக் களிமண்ணை வடிகாலிட்டுக் கட்டங்கட்டமாகப் பிரித்த தீவு அது. வெருண்டு ஓடும் மாடு வாய்க்காலில் விழும், சேற்றில் கால் சிக்கும். மெதுவாக, பழகிய பலகை வழியே நடத்துவதுதான் பத்திரம். இங்கே துரத்தும் நாய் உபகாரம் செய்யாது, சினைமாட்டைக் கொல்லும். தோட்டத்துக்காரர்கள் மாட்டைத் துரத்தும் குட்டியைக் கண்டால் அடித்துத் திருத்துவார்கள், திருந்தாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஐரோப்பிய மேய்ப்பர் எந்தக் குணத்துக்காகக் குட்டியைப் பொறுக்கினாரோ, அதே குணத்துக்காக இவர்கள் குட்டியைக் கழித்தார்கள். தமிழர் நாய்க்கு இனவிருத்தி செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கழித்தலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவேடு இல்லாமல் நடந்தாலும் அதுவும் தேர்வுதான்.

மலாயாவின் பழங்குடியினரும் தங்களுக்கு வேண்டிய நாயைத் தாங்களே உருவாக்கிக்கொண்டவர்கள். 1963இல் பஹாங் பகுதியில் தெலோம் ஆற்றை ஒட்டி வாழ்ந்த ஒராங் அஸ்லி மக்களிடம் ஒரு சிறு நாயை ஆர்வில் எலியட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார். தூண் மேல் கட்டிய வீட்டுக்கு ஏணியில் ஏறிப்போகும் நாய் அது. சில குட்டிகளை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். ஆற்றின் பெயரால் அதற்குத் ‘தெலோமியன்’ என்று பெயரிட்டார்கள். வேட்டைக்குப் போகும், எலி பிடிக்கும், வீட்டுக்குள் மனிதரோடு உறங்கும். மலேசியாவிலிருந்து உலகுக்கு அறிமுகமான நாய் இனம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்; அதுவும் கடல் கடந்த பிறகே இனமானது.

ஆக, எங்கே இருந்தாலும் எல்லா வேலையும் தெரிந்த நாயின் பின்னால் எல்லா வேலையும் செய்கிற ஒரு வீடு இருந்தது. பல வேலை நாய் என்பது அந்த வீட்டின் அமைப்பு நாயிடம் தெரிவதுதான் என்று நினைக்கிறேன். ரப்பர் பால்வெட்டு முடிந்து மாடு, மாடு முடிந்து கீரைப் பாத்தி, மாலையில் கிள்ளானுக்கோ பந்திங்குக்கோ பால் கேன் என்று நாலு வருமானத்தில் ஓடிய லயத்து வீடு அப்படிப்பட்ட வீடு. இரவு காவலுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க அதற்கு வசதியில்லை. ஒரு வாய்ச் சோற்றுக்கு அந்தக் காவலை நாய் பார்த்தது.

அந்த வீடுதான் கலைந்தது. எண்பதுகளிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். நாலாவது மாடிக்கு மாடு ஏறாது, நாய்க்கும் அங்கே அனுமதி இல்லை. தோட்டத்தில் லயம் தனியாக இருந்ததால் நாய் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. நகரத்தில் ஒரே படிக்கட்டை ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும்போது நிலைமை வேறு. மலேசியாவில் பின்பற்றப்படும் ஷாஃபி மரபில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது சள்ளை, நாய்க்காரருக்குச் சங்கடம். இதை மதச் சண்டையாகப் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இடநெருக்கடிதான் இதில் முதல் குற்றவாளி.

மாடு இன்னும் மேயும் தோட்டங்களிலும் காலம் மாறிவிட்டது. எண்பதுகளிலிருந்து செம்பனைக்கு அடியில் மாடு மேய்க்கும் முறையை ஆராய்ச்சி நிறுவனங்கள் முறைப்படுத்தின. இளங்கன்றுச் செம்பனையின் மட்டையை மாடு தின்றுவிடும் என்பதால் மரம் சில வயது ஆன பிறகே உள்ளே விட வேண்டும். ஒரே இடத்தில் நின்று மிதித்தால் மண் இறுகும் என்பதால் சுழற்சியாக இடம் மாற்ற வேண்டும். இடம் மாற்றுவது இரண்டு கம்பி மின்வேலி. ஒருவர் தோளில் சுமந்து நட்டுவிடலாம், சூரியத் தகடு மின்சாரம் தருகிறது. ஒருமுறை மூக்கில் சுரீரென்று பட்ட மாடு மறுபடி கம்பியருகே போவதில்லை. மேய்ப்பு நாயின் கண் செய்ய வேண்டிய வேலையை இங்கே அந்தக் கம்பி செய்கிறது. இப்படிக் கம்பெனியோ ஒப்பந்தக்காரரோ நடத்தும் மந்தைக்கு இடம் இருக்கிறது. தொழிலாளி வீட்டு நாலு மாட்டுக்குத்தான் பல தோட்டங்களில் வெளியேறச் சொல்லிக் கடிதம் வருகிறது. மண் இறுகுகிறது, இளமரம் அழிகிறது என்று நிர்வாகங்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. ஆனால் அதே மாடு எழுபது வருடம் களை தின்றபோது யாரும் கூலி கேட்கவில்லை என்பதும் பொய்யல்ல.

வேலை போன நாய் என்ன ஆகிறது என்பதற்குக் கேரி தீவுக்கு வடக்கே, அதே கடலோரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் கெத்தாம் தீவு மீனவக் கிராமத்தில் தெருநாய் பெருகிவிட்டதென்று சுமார் 300 நாய்களைப் பிடித்து ஆளில்லாத கண்டல் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். பசியில் அவை ஒன்றையொன்று தின்றதாகச் செய்தி வந்ததும் நாடே அதிர்ந்தது. விலங்குநல அமைப்புகள் படகில் போய் எஞ்சியவற்றை மீட்டன. ஆளில்லாத நாய்க்கூட்டம் கால்நடைக்கும் ஆபத்துதான். கொட்டகை ஆட்டையும் கன்றையும் கடித்துக் கொல்வது பெரும்பாலும் இவை. ஒற்றை நாய் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்; நாலு சேர்ந்தால் துரத்தும்; துரத்தினால் கடிக்கும். ஓநாயின் பழைய வரிசை முழுசாகத் திரும்பிவிடுகிறது.

தமிழ்நாட்டில் மரபு நாய்களுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்று இராஜபாளையம். சென்னை சைதாப்பேட்டையில் மாநில அரசே நாய் இனவிருத்திப் பிரிவு ஒன்றை எண்பதுகளின் தொடக்கத்தில் தொடங்கியது. இவை நல்ல காரியங்கள். ஆனால் வெள்ளை நிறமும் சிவந்த மூக்கும் சான்றிதழும் காப்பாற்றப்படுகிற வேகத்தில் வேலை காப்பாற்றப்படவில்லை. சென்னை அடுக்குமாடிப் பால்கனியில் நிற்கும் சிப்பிப்பாறைக்குத் துரத்த முயல் இல்லை. மேலைநாட்டுக் கண்காட்சி வளையங்களில் பல வேலை நாய்களுக்கு முன்பே நடந்ததுதான் இது.

மலேசியாவில் மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இந்தச் சான்றிதழ் நாய் தேவையில்லை. அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் எந்த இனமும் சாராத கலப்பு நாய்களைக் கொண்டே ஆட்டு மந்தையைக் கயோட்டியிடமிருந்து காக்கிறார்கள். ஹால் பிளாக், ஜெஃப்ரி கிரீன் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அதை விரிவாகப் பதிவு செய்தது. குட்டியைச் சிறுவயதிலேயே கிடையில் விடுகிறார்கள், ஆட்டோடு விளையாட்டுக்குத் துரத்தினால் கண்டிக்கிறார்கள், மனிதரோடு அதிகம் கொஞ்சிக் குலாவ விடுவதில்லை. நம் லயத்துக்காரர்கள் கறுப்பனை வளர்த்ததும் ஏறத்தாழ இப்படித்தான். கோலலங்காட்டில் இன்றைக்கு ஒருவர் அப்படி வளர்க்க நினைத்தால், குட்டி இலவசமாகவே கிடைக்கும். தடுப்பூசியும் நகராண்மைக் கழக உரிமமும் பெரிய செலவல்ல. கன்றுக் கொட்டகையில் குட்டியைக் கொண்டுபோய் விட நான்காவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் அவருக்கு ஒரு கொட்டகை இருக்க வேண்டும். கையில் வெளியேற்றக் கடிதத்தோடு நிற்பவரிடம் இல்லாதது அதுதான்.